அடிக்கோடு இடாத பக்கங்கள்

ஏப்ரலில் விடுதி அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். ஆய்வு உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை, மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஆம்பூரில் வீட்டோடு இருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி முடித்து ஜூனில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இயல் முடியவில்லை. ஆனால் நான்கு வருடமாக நான் எவ்வளவு மோசமாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்துபோனது.

என் ஆய்வு தலித் தன்வரலாறுகள் பற்றியது. படித்த ஒவ்வொரு நூலுக்கும் கணினியில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். தண்ணீர், பள்ளி, கோயில், தெரு, கூலி, காவல்துறை என்று கட்டங்கள். எந்தப் பக்கத்தில் எந்த அவமானம் நடக்கிறது என்று பார்த்து அந்தந்தக் கட்டத்தில் நிரப்புவேன். எதுவும் நடக்காத பக்கங்களுக்கு எதிரே 'தரவு இல்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். கருத்தரங்குகளில் அந்த அட்டவணைக்கு நல்ல பெயர். 'கடுமையான உழைப்பு' என்பார்கள். நானும் நம்பினேன்.

அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறார். பகலெல்லாம் ஊசியில்தான் கண். நான் எதிரே உட்கார்ந்து பென்சிலும் கையுமாகப் படிப்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, "அப்படி என்னதான்டி இருக்கு அதுல, வாய்விட்டுப் படி, நானும் கேக்குறேன்" என்றார். அன்று கையிலிருந்தது பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த நூல்.

'கருக்கு' என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது அந்தப் பலகாரப் பொட்டலம். தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுக்கும் இடம். என் அட்டவணையில் அது 'தெரு' கட்டத்தில் இருந்தது. ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது நேராக அங்கே குதிக்க முடியாதே. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிவிட்டு வீட்டுக்கு நடக்கிறாள். பத்து நிமிட நடைதான். அவளுக்கு அரைமணி, ஒருமணி ஆகிறது. வழியில் குரங்கு வித்தை, பாம்பு, கடைகள் என்று பார்க்க அவ்வளவு இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகுதான் பெரியவர் வருகிறார். அவர் பொட்டலத்தைப் பிடித்திருக்கும் விதம் அவளுக்கு ஒரே வேடிக்கை. விழுந்து சிரிக்கிறாள். வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை.

அண்ணன் விளக்கம் சொல்லும் இடத்தில் நான் குரலை இறக்கினேன். அம்மா ஊசியை நிறுத்தவில்லை. "அது தெரிஞ்சதுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கொரங்கு வித்தை வருதே, அத இன்னொரு வாட்டி படி" என்றார்.

அன்று இரவு அட்டவணையைத் திறந்து பார்த்தேன். குரங்கு வித்தை வரும் பக்கத்துக்கு எதிரே 'தரவு இல்லை' என்றிருந்தது. ஊரார் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர்களுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுகளுக்கும் அதே குறிப்புதான். ஒரு ஊர் சிரித்ததையெல்லாம் வெற்றிடம் என்று பதிவு செய்து வைத்திருந்தது நானேதான். இதில் எந்தப் பார்ப்பனியப் பேராசிரியரையும் குறை சொல்ல வழியில்லை.

பிறகு தெரிந்த நூல்களையே மறுபடி எடுத்தேன். அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் மகர் சிறுவர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததும், இரவெல்லாம் கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததும் நமக்குத் தெரியும். அந்தப் பயணத்துக்காக அவர்களுக்குப் புதுச் சட்டை, மின்னும் குல்லா, பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு எல்லாம் தயாரானது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைகளின் குதூகலம் அது. அதை விட்டுவிட்டுப் படித்தால், தண்ணீர் மறுத்தவர்கள் எதைப் பறித்தார்கள் என்பதே புரியாது.

1917 பரோடாவும் அப்படித்தான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் ஒளிந்திருந்ததும், பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றியதும் என் அட்டவணையில் இருந்தன. இடையில் இன்னொன்று நடக்கிறது. தட்டுமுட்டுச் சாமான் அடைத்த இருட்டு மாடியில், ஒரு சின்ன அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, வௌவால்கள் பறக்க, அவர் படிக்கிறார். தனிமையை மறக்கும் அளவுக்குப் படிக்கிறார். நம் வரலாற்றிலேயே மிகப் பெரிய வாசகர் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் காட்சி அது. நான் அதற்கு அடிக்கோடு போடவில்லை.

1855இல் பூனாவில், பூலேவின் பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் சாதிச் சிறுமி எழுதிய கட்டுரையை 'துயரக் குரல்' என்று மேற்கோள் காட்டுவோம். துயரம் இருக்கிறது. ஆனால் பதினான்கு வயதுப் பெண் அதில் வாதம் செய்கிறாள். வேதம் பார்ப்பனருக்கு மட்டும் உரியது என்றால், வேதமில்லாத எங்களுக்கு அந்த மதமே இல்லை என்றுதானே பொருள் என்று கேட்கிறாள். தர்க்கத்தைக் கண்ணீர் என்று நாமே பெயர் மாற்றிவிட்டோம்.

இதைச் சொன்னபோது தோழர் ஒருவர் கோபப்பட்டார். "2022இல் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இந்த நேரத்தில் சிரிப்பையும் புதுச்சட்டையையும் தேடிக்கொண்டிருந்தால், வலியை மறைக்கிறவர்களுக்குத்தானே வசதி?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வலியை மட்டும் எடுத்து அடுக்குவதும் யாருக்கு வசதி என்று யோசிக்க வேண்டும். காயத்தை மட்டும் பார்க்கிற ஆதிக்க சாதி வாசகர் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் போய்விடலாம். எதிரே இருப்பவர் தன்னைவிட நன்றாகச் சிந்திக்கிறவர், தன்னோடு வாதம் செய்கிறவர் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாமும் அதற்குப் பழகிவிட்டோம். ஒவ்வொரு ஜனவரி 17 அன்றும் ரோஹித் வெமுலாவின் மரணத்தைப் பகிர்கிறோம். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத விரும்பியவர் அவர். அந்த விருப்பத்தைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

கொடுமையைச் சொல்வதைக் குறைக்கச் சொல்லவில்லை. கொடுமை யார்மீது நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். சாதி மனிதரைச் சாதியாக மட்டும் பார்க்கும். நம் வாசிப்பும் அதையே செய்தால் எப்படி?

இயலை இப்போது புதிதாக எழுதுகிறேன். முதல் பகுதியை அனுப்பியதற்கு, "இந்தக் குரங்கு வித்தையில் சாதி எங்கே இருக்கிறது?" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆய்வேடு இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. உதவித்தொகை இன்னும் வரவில்லை. அட்டவணையை அழிக்கவில்லை, 'தரவு இல்லை' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு சம்பவத்தின் வழியாக மட்டும் உங்களுக்குத் தெரிந்த ஒரு நூலை எடுங்கள். அந்தச் சம்பவத்துக்கு முன்னால் இருக்கும் பக்கங்களிலிருந்து தொடங்கி, முடிந்தால் வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தை இன்னொரு வாட்டி படிக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.