படத்தில் வராத பணிகள்

பள்ளிகளும் பங்கு இளையோர் இயக்கங்களும் சமூகப் பணிக்கான விருதுப் போட்டிகளில் கலந்துகொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், முதியோர் இல்லம் செல்கிறார்கள். பிறகு புகைப்படங்களையும் காணொளியையும் ஓர் அறிக்கையோடு இணையத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். நடுவர்கள் பணியை நேரில் பார்ப்பதில்லை. அவர்கள் முன் இருப்பது அந்தப் பதிவு மட்டுமே.

இத்தகைய போட்டிகளில் நம் நாட்டில் பிறந்து பல நாடுகளுக்குப் பரவியது ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’. அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியின் நிறுவனர் கிரண் பீர் சேத்தி 2009-இல் இதைத் தொடங்கினார். மாணவர்கள் தம் ஊரில் உள்ள ஒரு குறையை உணர வேண்டும், தீர்வைக் கற்பனை செய்ய வேண்டும், அதைச் செய்து முடிக்க வேண்டும், பின்னர் மற்றவர்களோடு பகிர வேண்டும். தொடக்கத்தில் பள்ளிகளிடம் கேட்கப்பட்டது ஒரு வார உழைப்பு. கத்தோலிக்கப் பள்ளிகளும் இதில் ஆர்வமாக இணைந்தன. 2019 நவம்பரில் உரோமையில் நடந்த இதன் சிறார் மாநாட்டில் பங்கேற்றவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் சந்தித்தார்.

தங்களாலும் முடியும் என்று பிள்ளைகள் நம்பத் தொடங்குவது சிறிய காரியமா? பகிர்வதிலும் தவறில்லை. இடக்கைக்குத் தெரியாமல் தர்மம் செய்யச் சொல்லும் அதே மலைப்பொழிவுதான் விளக்கை மூடி மறைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆனால் படத்தில் நன்றாக வரக்கூடிய பணியையே நாம் தேடத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. நட்ட கன்றுக்குப் படம் உண்டு. மூன்று கோடை தண்ணீர் ஊற்றியதற்கு யார் படம் எடுக்கிறார்கள்?

நம் அடையாறு பகுதியிலேயே இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல், ஜனவரி தொடங்கி சில மாதங்களுக்கு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைத் தோண்டி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். குஞ்சுகள் வெளிவர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். வெளிச்சம் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் திரும்பிவிடும். முட்டையிட வரும் தாய் ஆமையும் மிரளும். எனவே இந்தத் தொண்டின் முக்கியமான நேரத்தில் கேமராவின் ஃபிளாஷ் உதவாது.

அப்படியானால் இவர்கள் பதிவு செய்வதில்லையா? நன்றாகவே செய்கிறார்கள். எந்த இரவில் எத்தனை கூடுகள், எத்தனை முட்டைகள், எத்தனை குஞ்சுகள் கடல் சேர்ந்தன, எத்தனை ஆமைகள் இறந்து ஒதுங்கின என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. கரைக்கு அருகே இழுவைப் படகுகள் வலை விரிப்பதைப் பற்றிய பேச்சும் மீண்டும் எழுந்தது. அந்த இழப்பு வழக்கத்தைவிட மிக அதிகம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது, முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததால்தான்.

மனிதர்களுக்குச் செய்யும் உதவியில் இன்னொரு கவலையும் உண்டு. ரொட்டிப் பொட்டலம் வாங்கும் முதியவரின் முகம் இணையத்தில் எத்தனை காலம் இருக்கும்? அவருடைய பேரன் அதைப் பார்த்தால்? 1833-இல் பாரிசில் பிறந்த வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றும் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை வெளியே சொல்வதில்லை. சபைக்குள் கணக்கு இருக்கும். நம் பங்குகளில் பலருக்கு இந்தச் சபையின் பணியே சரிவரத் தெரியாது என்பது வேறு விஷயம்!

போட்டி நடத்துவோர் விதிகளைச் சற்று மாற்றலாம். உதவி பெற்றவர்களின் முகம் தெரியும் படங்களை ஏற்க மறுக்கலாம். சென்ற ஆண்டு பரிசு பெற்ற பணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, அதற்கும் மதிப்பெண் தரலாம். எது சரிவரவில்லை என்று எழுத அறிக்கையில் ஓர் இடம் ஒதுக்கலாம். பங்கு இளையோரை வழிநடத்துவோர் இதற்காகப் போட்டி அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பிச் செல்ல ஒரு தேதியும் குறித்து வைத்தால் போதும்.