மேக்கில் விளையாட்டு ஓடாது என்பது இயற்கை விதியன்று

நீளமான பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

டிஜிட்டல் விளையாட்டுகளில் புலம்பெயர்வு எவ்வாறு சொல்லப்படுகிறது என்பது என் ஆய்வு. அதன் முதன்மைத் தரவுகளுள் ஒன்று ‘வெண்பா’. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்ப்பெண், தன் தாயின் சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைக்கிறாள். நாம் அவளாகி அந்த வரிகளை நிரப்புகிறோம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இப்படைப்பு மறு ஆண்டே பாஃப்டா விருது பெற்றது. வெளியானபோது விண்டோசுக்கும் கன்சோல்களுக்கும் வந்தது. மேக் அப்பட்டியலில் இல்லை. எனக்குத் துறை ஒதுக்கிய கணினியோ மேக்.

இதை ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் சொன்னபோது, தமிழறிந்த மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “மேக்கில் கேம் ஓடாதுங்கிறது ஊரறிஞ்ச விஷயமாச்சேம்மா. அது தெரிஞ்சில்ல தலைப்பை எடுத்திருக்கணும்?” என்றார். அவையும் சிரித்தது. அவர்மீது எனக்கு மதிப்புண்டு. ஆயினும் அந்த ‘ஊரறிந்த விஷயம்’ பிழையானது. பிழையானது மட்டுமன்று, சிலரது முடிவுகளை இயற்கையின் விதியாகக் காட்டும் ஏமாற்றும்கூட.

ஹேலோ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை 1999இல் மேக்வேர்ல்டு மேடையில் முதன்முதல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய பங்கியை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. ஹேலோ எக்ஸ்பாக்சின் முகமாயிற்று. மாறியது சில்லு அன்று, உரிமை. 2006இல் மேக் இன்டெல் சில்லுக்கு மாறியதும், பூட்கேம்ப் வழியாக அதே கணினியில் விண்டோசை நிறுவி எதையும் ஆடலாம் என்று ஆப்பிளே வழி திறந்தது. 2020இல் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபோது அவ்வழி மூடப்பட்டது. இடையில் 2018இல் ஓபன்ஜிஎல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2019இன் கேட்டலினாவோடு 32 பிட் மென்பொருள் அனைத்தும் ஒரே நாளில் இயங்காப் பொருளாயின. மேக்குக்கென்றே எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளும் அவற்றுள் அடக்கம். நூலகத்தின் ஓர் அடுக்கையே இப்படிப் பூட்டியிருந்தால் நாம் கண்டனக் கூட்டம் நடத்தியிருப்போம்.

இவ்வளவுக்குப் பின்னும் என் மேக்கில் ‘வெண்பா’ ஓடுகிறது. காரணம் வைன். 1993இல் தொடங்கி, 1.0 என்னும் பதிப்பை எட்டவே 15 ஆண்டுகள் உழைத்த திறந்தமூலத் திட்டம் அது. வைன் விண்டோசைப் போலி செய்வதில்லை. விண்டோசை நோக்கி நிரல் விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் இடைமறித்து, மேக் அறிந்த வேண்டுகோளாக மாற்றித் தருகிறது, துபாஷியின் வேலை. அதற்குக் கீழே இன்னொரு துபாஷி: இன்டெல் கட்டளைகளை ஆப்பிள் சில்லின் கட்டளைகளாக்கும் ரோசெட்டா 2. பக்கவாட்டில் மூன்றாமவர்: மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் வரைகலையை டிஎக்ஸ்விகே வல்கனாக்க, வல்கனை மோல்டன்விகே ஆப்பிளின் மெட்டலாக்குகிறது. நொடிக்கு 60 சட்டகம் என்றால், இத்தனை மொழிபெயர்ப்பும் 17 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். முடிகிறது. டிஎக்ஸ்விகே, தாம் விரும்பிய ஒரு விளையாட்டை லினக்சில் ஆடிவிட வேண்டும் என்ற ஒரு தனிமனிதரின் ஆசையில் தொடங்கியது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

2023இல் ஆப்பிள் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட்டைப் பலர் கொண்டாடினர். அதன் வைன் பகுதி, கோட்வீவர்ஸ் தன் கிராஸ்ஓவருக்காகச் செப்பனிட்டுத் திறந்துவைத்த மூலநிரலை அடியொற்றியது. ஆப்பிள் தன் பங்காகச் சேர்த்த டி3டிமெட்டல், டைரக்ட்எக்ஸ் 12ஐயும் மெட்டலாக்க வல்லது. ஆனால் மூலநிரல் மூடப்பட்டது. அக்கருவியும் நமக்கென்று தரப்படவில்லை. உருவாக்குநர்கள் தம் படைப்பைச் சோதித்துப் பார்க்கவே தரப்பட்டது. ஓடும் என்பது அவர்களுக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லாம் ஓடும் என்று நான் சொல்லவில்லை. வாலரன்ட் போன்றவை கணினியின் கருவரை இறங்கும் ஏமாற்றுத் தடுப்பு நிரலைக் கோருவன; வைன் அங்குத் தோற்கும். பேரலல்ஸ் வழியாக ஆர்ம் விண்டோசை நிறுவலாம், அதற்கு 2023இல் மைக்ரோசாஃப்டின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் ஆண்டுச் சந்தா என் போன்றோரின் உதவித்தொகைக்கு உறைக்கும். மேகவழி ஆடலாமே என்கிறார்கள் நண்பர்கள். ஆடுவதற்குச் சரி; ஆய்வுக்கு எப்படிச் சரியாகும்? எங்கோ ஒரு வழங்கியில் ஓடும் விளையாட்டின் கோப்புகளை நான் திறக்க முடியாது, உரையாடல் வரிகளை எடுத்து ஒப்பிட முடியாது, பழைய பதிப்பைக் காத்துவைக்க முடியாது. அது நூலைக் கையில் கொடாமல் கண்ணாடிப் பேழைக்குள் பக்கம் புரட்டிக் காட்டுவது.

கவலை இனிமேல்தான். ரோசெட்டா 2 முழுமையாகத் தொடர்வது மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று 2025இல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதன்பின் பராமரிப்பற்ற பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும் எஞ்சுமாம். அந்தப் பகுதியின் எல்லையை வகுப்பதும் அதே நிறுவனம்தான். பவர்பிசி காலத்து முதல் ரோசெட்டாவை 2011இல் அது நீக்கியதை நினைவில் வைத்திருப்போர் இதை எளிதாகக் கடந்துபோக மாட்டார்கள்.

ஆகவே பேராசிரியரின் அறிவுரையை நான் ஏற்கவில்லை. கருவி அனுமதிப்பதையே ஆய்வுப்பொருளாக எடு என்பது, எந்தப் படைப்பு ஆராயத்தக்கது என்ற தேர்வை இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் வணிகக் கணக்கிடம் ஒப்படைப்பதாகும். ஓலைச்சுவடிக்கும் படச்சுருளுக்கும் காப்பகம் கேட்கும் நாம், விளையாட்டு என்றதும் ஏன் சிரிக்கிறோம்?

என் ஆய்வேட்டின் முறையியல் இயலில், எந்த வைன் பதிப்பில், எந்த மேக்ஓஎஸ் பதிப்பில் ஆடினேன் என்று எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பு அடுக்கு மாறினால் எழுத்துருவும் நிறமும் நேரமும்கூட மாறக்கூடும். எந்தச் சுவடியை மூலமாகக் கொண்டோம் என்று பதிப்பாசிரியர் சொல்வதில்லையா, அதுபோல. அந்தப் பத்தி தேவையற்றது, நீக்கிவிடுங்கள் என்று கூட்டக் குறிப்பில் வந்திருக்கிறது. நீக்கப்போவதில்லை என்று இன்று காலை எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன்.