விருந்தும் வெயிலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் விருந்துக்குக் குறைவே இராது. அத்தை, மாமா, பெரியம்மா பிள்ளைகள் என்று ஊரிலிருந்து எல்லோரும் வந்து சேர்வார்கள். பங்கில் அன்பியக் குடும்பங்களின் ஒன்றுகூடல் நடக்கும். மகிழ்ச்சிக்குரிய நாள்களே இவை. ஆனால் விருந்து படைப்பவர் எதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்? மேசை நிறைவதையா, அல்லது உண்டவர் நலமாக வீடு திரும்புவதையா? இந்தக் கேள்விக்குப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நால்வர் பட்டறிந்து கண்ட விடையை இங்கே எழுதத் துணிகிறோம். பெரியவர்கள் எங்கள் சொற்குற்றம் பொறுத்தருள வேண்டுகிறோம்.

எங்களுள் ஒருத்தியின் சித்தி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்கிறார். 2025 ஏப்ரலில் அவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்நாட்டுக் கோடை விருந்துகளைப் பற்றிச் சுவையாகச் சொன்னார். மே மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் முதல் வாரம் வரை அங்கே வீட்டுத் தோட்டங்களிலும் ஆலய மண்டபங்களிலும் மக்கள் கூடுவார்களாம். சமைக்கும் சுமை ஒருவர் தலையில் விழுவதில்லை. குடும்பத்துக்கு ஒரு பாத்திரம் என்று ஆளுக்கு ஒன்று கொண்டு வந்து, எல்லோரும் பகிர்ந்து உண்பார்களாம். அப்படிக் கொண்டு வரும் உணவுகளில் ஒன்றுதான் ஊறுகாய் பாஸ்தா சாலட்.

ஊறுகாய் என்றதும் நாங்கள் மாங்காயையும் எலுமிச்சையையும் நினைத்தோம். சித்தி சிரித்துவிட்டார். அது வினிகரும் உப்பும் சதகுப்பைக் கீரையும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த வெள்ளரிப் பிஞ்சு. வெந்து ஆறிய பாஸ்தாவில் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, வெங்காயம், சீஸ் துண்டுகள் சேர்த்து, மயோனைஸும் புளித்த பாலாடையும் அந்த ஊறுகாய் நீரும் கலந்து, குளிரவைத்துப் பரிமாறுவார்கள். ஓரமாக அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "இதென்னடி அதிசயம்? தயிர் சாதமும் வடுமாங்காயும்தானே இது!" என்றார். பாட்டி சொன்னது எவ்வளவு உண்மை என்பது எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது.

அடுத்த மாதமே எங்கள் அன்பியத்தின் கோடை ஒன்றுகூடல் வந்தது. குடும்பத்துக்கு ஓர் உணவு என்று முடிவாயிற்று. புளிசாதம், சுண்டல், பணியாரம் என்று மற்றவர்கள் பெயர் கொடுக்க, நாங்கள் நால்வரும் பெருமையோடு பாஸ்தா சாலட் என்றோம். மயோனைஸை நாங்களே செய்தோம். பச்சை முட்டையை எண்ணெயும் வினிகரும் விட்டு மிக்ஸியில் அடித்தோம். வெண்ணெய் போல் திரண்டு வந்தபோது துள்ளிக் குதித்தோம். காலை பத்து மணிக்கு மண்டபத்து மேசையின் நடுவில், தக்காளியில் பூச்செதுக்கி அலங்கரித்து வைத்தோம். பாட்டும் விளையாட்டும் பேச்சும் முடிந்து பந்தி தொடங்கியபோது மணி ஒன்றரை. அதுவரை எங்கள் பாத்திரம் மே மாத வெப்பத்தில் காட்சிப் பொருளாக இருந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். மீந்ததை மண்டபத்தைக் கூட்டித் துடைக்க வந்த அக்காவிடம் கொடுத்தோம். "பிள்ளைங்களுக்கு ஆகும், நல்லா இருங்கம்மா" என்று வாங்கிக்கொண்டார். நற்செயல் செய்துவிட்ட நிறைவோடு நாங்கள் வீடு திரும்பினோம்.

மறுநாள் எங்களுள் இருவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மருந்து வாங்கித் தந்து கவனித்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது. ஆனால் அந்த அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அவருடைய சின்ன மகனை மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. கெட்டுப்போன உணவால் வந்தது என்று மருத்துவர் சொன்னாராம். அக்காவுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. செய்தி கேட்டு நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

எங்கள் அன்னையர் கொடுத்த தீர்ப்பு ஒன்றுதான். "இனி இந்த வெளிநாட்டுத் தீனியே வேண்டாம்" என்றார்கள். இங்கேதான் நாங்கள் பணிவோடு மாறுபடுகிறோம். குற்றம் அந்த உணவினுடையது அன்று, எங்களுடையது. அது அயல்நாட்டுப் பண்டம் என்பதும் முழு உண்மையாகாது. மேலைநாட்டார் ஊறுகாய் போடும் கெர்கின் என்னும் சிறு வெள்ளரிப் பிஞ்சு 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் பயிராகத் தொடங்கி, பின்னர் நம் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரவியது. சிறு உழவர்கள் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஏறத்தாழ 90 நாளில் விளைவிக்கும் பயிர் அது. 2020–21ஆம் ஆண்டில் மட்டும் வெள்ளரியும் கெர்கினுமாக 2,20,000 டன்னுக்கு மேல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயிற்று. நம் உழவர் விளைவிப்பதை உலகமே உண்ணும்போது, நாம் மட்டும் அயலார் உணவு என்று ஒதுக்குவானேன்?

அப்படியானால் எங்கள் குற்றம் எது? முதலாவது, அறியாமைக்கும் மேலாக, அறிந்தும் பொருட்படுத்தாமை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்திருந்தது. கேரளம் 2023இலும் தெலங்கானா 2024இலும் முன்னரே அவ்வாறு செய்திருந்தன. பச்சை முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதே காரணம். நாங்கள் இதைச் செய்தித்தாளில் படித்திருந்தோம். "தடை கடைக்குத்தானே, வீட்டுக்கு இல்லையே" என்று எங்களுக்குள் வாதாடி வென்றோம். கிருமிக்குக் கடை எது, வீடு எது என்று தெரியுமா? அமெரிக்காவில் புட்டியில் விற்கும் மயோனைஸ், கிருமி நீங்கச் சூடேற்றிப் பதப்படுத்திய முட்டையில் செய்வது என்று சித்தி சொன்னதையும் நாங்கள் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது குற்றம் நேரம். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவில் கிருமிகள் விரைந்து பெருகும். ஆகவே குளிர்ந்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது. வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. நம் ஊர் மே மாதம் 32 டிகிரியோடு நிற்கிறதா? நமக்கு எப்போதும் ஒரு மணி நேரக் கணக்குதான். நாங்களோ மூன்றரை மணி நேரம் வைத்திருந்தோம்.

"வினிகர் ஊற்றியிருக்கிறதே, புளிப்பு இருந்தால் கிருமி சாகாதா?" என்று எங்களை அன்றே ஒருவர் கேட்டார். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். ஜாடியில் இருக்கும் ஊறுகாய் கெடாததற்குக் காரணம், அது முழுவதும் புளிப்பும் உப்பும் ஊறியிருப்பது. அதையே வெந்த மாவுப் பண்டத்தோடும் முட்டையோடும் கலக்கும்போது புளிப்பு நீர்த்துப்போகிறது. ஊறுகாய்க்கு உள்ள காவல் சாலட்டுக்கு இல்லை.

நம் பாட்டிமார் இதைப் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். பயணத்துக்குத் தயிர் சாதம் கட்டும்போது, சோற்றில் பாலை நிறைய விட்டுத் தயிரைச் சிறிதே கலப்பார்கள். உண்ணும் நேரத்தில்தான் அது பதமான தயிர் சாதமாகும். உணவு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் அல்லாமல், உண்ணும் வேளையில் எப்படி இருக்கும் என்றும் கணக்கிட்ட அறிவு அது. பாட்டி சொன்ன ஒப்புமை எங்களுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

இப்போது நாங்கள் அந்தச் சாலட்டை வேறு விதமாகச் செய்கிறோம். முட்டையே இல்லை. ஒரு லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டிக் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் நீர் வடிய விடுகிறோம். அரைக் கிலோ பாஸ்தாவை உப்பு நீரில் நன்றாக வேகவைக்கிறோம். குளிர்ந்தால் அது விறைத்துக்கொள்ளும் என்பதால் அரை வேக்காடு கூடாது. வடித்துக் குளிர்ந்த நீரில் அலசி, ஊறுகாய் நீரைக் கால் கோப்பை தெளித்துப் பிசிறி, குளிரவைக்கிறோம். நறுக்கிய வெள்ளரி ஊறுகாய் ஒன்றரைக் கோப்பை, வெங்காயம், மிளகுத்தூள், சதகுப்பை கிடைக்காவிட்டால் கொத்தமல்லி. தயிரில் பாதியை முதலில் கலந்து, மறுபாதியைப் பரிமாறும் முன் கலக்கிறோம். ஏனெனில் பாஸ்தா ஈரத்தை உறிஞ்சி உலர்ந்துவிடும். பந்திக்கு அழைத்த பிறகே பாத்திரம் வெளியே வரும். அப்போதும் பனிக்கட்டி நிரப்பிய அகன்ற தட்டின் மேல்தான் அமரும்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளும் மின்சாரம் தடைபடும் நாள்களும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். அப்படியானால் அன்று இதைச் செய்யாதிருப்பதே அறிவுடைமை. சுடச்சுடச் சுண்டல் செய்தால் விருந்தின் மதிப்பு குறைந்துவிடுமா? முந்தைய இரவே செய்து வைக்கக்கூடிய உணவு என்பதால், வெயில் நாளில் அம்மா அடுப்படியில் வெந்து கொண்டிராமல் நம்மோடு அமர்ந்து பேசலாம் என்பது இதன் பெரிய நன்மை. அந்த நன்மைக்காகவே இதை நாங்கள் விரும்புகிறோம், புதுமைக்காக அன்று.

கடைசியாக ஒன்று. எங்கள் மனத்தை இன்றும் உறுத்துவது மயோனைஸ் அன்று. அந்த மீந்த பாத்திரம். மாலை மூன்று மணிக்கு அதை யாரேனும் எங்களுக்குப் பரிமாறியிருந்தால் உண்டிருப்போமா? "காலையில் செய்தது, வேண்டாம்" என்று சொல்லியிருப்போம். நமக்கு வேண்டாததைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு அதற்குத் தருமம் என்று பெயரிட்டோம். நம் வீடுகளில் வேலை செய்வோருக்கும் வாயிற்காவலருக்கும் நாம் கொடுப்பது பெரும்பாலும் இப்படித்தானே இருக்கிறது? கொடுக்க எண்ணினால் பந்தி தொடங்கும் முன்பே ஒரு பங்கை எடுத்து வைப்போம். அல்லது அவரையும் நம்மோடு பந்தியில் அமர்த்துவோம். இரண்டும் இயலாவிட்டால் கெட்ட உணவைக் குப்பையில் கொட்டுவோம். உணவை வீணாக்குவது பாவம் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். கெட்டதை ஏழைக்கு ஈவது அதனினும் பெரிது என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

நாங்கள் நால்வரும் அக்காவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். எங்கள் சேமிப்பிலிருந்து அவருடைய இரண்டு நாள் கூலியைக் கொடுத்தோம். அவர் முதலில் வாங்க மறுத்தார். சிறுவனின் மருந்துக்கு என்று சொன்ன பிறகே பெற்றுக்கொண்டார். எங்களைத் திட்டவில்லை. "தெரியாமத்தானே கொடுத்தீங்க" என்றார். பச்சை முட்டையைப் பற்றிப் படித்திருந்தோம் என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அதை இந்த ஏட்டில் எழுதிவிட்டோம்.

அன்புத் தோழியரே, வரும் கோடையில் நீங்களும் விருந்து சமைப்பீர்கள். புதியன கற்றுச் சமையுங்கள், அஞ்ச வேண்டாம். ஆனால் கரண்டியை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். மீந்ததைக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் உண்பீர்களா என்று உங்களையே கேளுங்கள்.