தறிக்குத் தாமதமாக வரும் செய்தி

முகூர்த்த மாதங்களில் காஞ்சீபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் கூடும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள், இவ்வூர்ப் புடவையின்மேல் ஜனங்கள் வைத்திருக்கும் அபிமானம் சிறிதும் குறையவில்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார்கள். ஆனால் அபிமானம் குறையாமலே உபயோகம் மாறிவிடக்கூடும் என்பதும், அம்மாறுதல் கடைக்காரருக்கு முந்தியும் நெசவாளிக்குப் பிந்தியும் தெரியவருகிறது என்பதும் சிந்திக்கத்தக்க விஷயங்கள்.

கல்யாணத்துக்கு, கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோர்த்த கனமான கோர்வைப் புடவை ஒன்று போதும், மற்ற விசேஷங்களுக்கு இலேசான பட்டே சௌகரியம் என்று நினைக்கிற குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. தங்கமும் வெள்ளியும் விலையேறும்போது ஜரிகை விலையும் ஏறுகிறது. ரவிக்கையின் ஆரி வேலைக்கென்றே ஒரு தொகையை ஒதுக்கவேண்டியிருக்கிறது. மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் குடும்பச் செலவில் சுமார் 46 சதவீதமும் நகரங்களில் சுமார் 39 சதவீதமுமே உணவுக்குப் போகின்றன. மிஞ்சுகிற பணத்துக்குச் செல்போன், வாகனம், பள்ளிக் கட்டணம், சுற்றுலா என்று எத்தனையோ செலவுகள் காத்திருப்பதால், பட்டுக்குப் பட்டு மட்டுமே போட்டியாக இருந்த காலம் கழிந்துவிட்டது.

இத்தகைய மாறுதல்களை ஊகத்துக்கு விடாமல் கணக்கிட்டு அறியும் சாஸ்திரம் நம் நாட்டுக்குப் புதியதன்று. விக்ரம் சாராபாய் 1960-இல் பரோடாவில் தொடங்கிய ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப், கடை கடையாகக் கையிருப்பைக் கணக்கெடுத்து எந்தச் சரக்கு எவ்வளவு விற்கிறது என்று நிர்ணயிக்கும் முறையை இங்கே பரப்பிற்று. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த டெக்ஸ்டைல்ஸ் கமிட்டியோ, நாடெங்கும் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் வாங்கும் துணிமணிகளைப் பதிவு செய்து, தேவை எத்திசையில் நகர்கிறதென்று ஆராய்கிறது. ஆனால் இந்த ஞானம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

காஞ்சீபுரத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளி பெரும்பாலும் கூலிக்கு நெய்கிறவர். தறியின் நீளவாட்டு நூலாகிய பாவுக்குச் சாயம் ஏறியபின் நிறத்தை மாற்ற இயலாது. அந்தப் பாவு தீரும்வரை, பிறர் தேர்ந்த நிறத்துக்கே அவர் கட்டுப்பட்டவர். சரக்கு தேங்கினால் அடுத்த பாவு வருவதில்லை என்பதுதான் மக்களின் ருசி மாறிவிட்டது என்று அவருக்குக் கிடைக்கும் முதல் அறிவிப்பு. தேங்கிக் கிடந்த கைத்தறித் துணிகளை, இவ்வூரில் பிறந்த அண்ணாதுரையும் அவருடைய கட்சியினரும் 1953-இல் தோளில் சுமந்து தெருவில் விற்றது மகத்தான காரியம். எனினும் அனுதாபம் நெய்து முடித்ததை விற்றுத் தருமேயன்றி, இனி எதை நெய்யலாம் என்று சொல்லித் தராது.

அந்தச் செய்தியை நெசவாளிக்கு எட்டச் செய்யப் புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களில் பில் போடும்போதே நிறத்தையும் கரையையும் எடையையும் சேர்த்துக் குறித்து, மாதந்தோறும் தொகுத்து, அங்கத்தினர் கூட்டத்தில் வாசிக்கலாம். வாங்கியவர்களைக் காட்டிலும், பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்துபோகிறவர்களின் காரணங்களே அதிகப் பிரயோஜனமுள்ளவை. அவற்றை மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். விலையை மட்டும் விசாரிக்கும் ஆராய்ச்சி, துணையாள் ஒருவரும் தனித்தனி நாடாக்களும் வேண்டுகிற கோர்வையைக் கைவிடும்படியே யோசனை சொல்லும். ஆனால் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்புடவையை விசைத்தறிப் போலியிலிருந்து பிரித்துக்காட்டும் லட்சணங்களில் அதுவும் ஒன்று என்பதையும், அதை நம்பியே வெளியூரார் இங்கே வருகிறார்கள் என்பதையும் அந்த ஆராய்ச்சி காட்டாது. ஆதலால் எண்களை வாசிக்கும் இடத்தில் தறியை அறிந்தவரும் இருக்க வேண்டும். அடுத்த பாவுக்கு எந்தச் சாயம் என்று தீர்மானிக்குமுன் நெசவாளியின் யோசனையையும் கேட்க வேண்டும். நஷ்டத்தில் பங்கு கொள்கிறவருக்குச் செய்தியிலும் பங்கு கொடுப்பதே நியாயம்.