சோடா விற்ற சிறுவனும் சொல்லப்படாத எழுவாயும்

இந்தியக் கால்பந்து குறித்த செய்திகளில் ஒரு வாக்கிய அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. ‘சோடா விற்ற சிறுவன் இந்திய அணித் தலைவரானார்’, ‘மீன் விற்பவரின் மகன் உலகக் கோப்பையில் ஆடினார்’ என்பன போல. வறுமை பெயரெச்சமாக வந்து நிற்கிறது. வெற்றி வினைமுற்றாக முடிகிறது. இரண்டுக்கும் இடையிலான ஆண்டுகளில் அச்சிறுவனுக்குச் சோறிட்டது யார், காலணி வாங்கித் தந்தது யார் என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. ஆகவே படிப்பவரிடம் எஞ்சுவது ஒரே கருத்து: திறமை இருந்தால் ஏழ்மை தடையாகாது. இக்கருத்து பிழையானது, பிழையானது மட்டுமன்று, கொள்கை வகுப்போருக்கு மிக வசதியானதும்கூட.

ஐ. எம். விஜயன் திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் சோடா விற்றது உண்மை. ஆனால் பதின்பருவத்திலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது கேரளக் காவல்துறை அணி. கால்பந்துடன் மாதச் சம்பளமும் வந்தது. ஆடும் காலம் முடிந்த பின்னும் வேலை இருந்தது. பாய்ச்சுங் பூட்டியா சிக்கிமின் தின்கிதாம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை அவரைக் காங்டாக்கிலுள்ள பள்ளிக்குக் கொண்டுசென்றது. 2017இல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அணித்தலைவராக இருந்த அமர்ஜித் சிங் கியாமும், கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்த ஜீக்சன் சிங்கும் மணிப்பூரிலிருந்து சண்டிகரின் அரசுக் கால்பந்து அகாதெமிக்குச் சென்று தங்கிப் பயின்றவர்கள். பெங்களூரின் சஞ்சீவ் ஸ்டாலினும் அங்கே வளர்ந்தவரே. அங்குத் தங்குமிடம், உணவு, படிப்பு, பயிற்சி எல்லாம் பொதுப் பணத்தில்.

செய்தித் தலைப்புகளில் விடுபட்ட எழுவாய் இதுதான். காவல்துறை, விளையாட்டு ஆணையம், அரசு விடுதி. ‘வறுமையை வென்ற’ ஒவ்வொருவருக்குப் பின்னாலும் வறுமையின் செலவை ஏற்றுக்கொண்ட ஒரு பொது நிறுவனம் இருந்திருக்கிறது.

அந்த 21 பேர் கொண்ட அணியில் எட்டுப் பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். இதை மலைநாட்டு உடல்வாகு என்றும் இரத்தத்தில் ஊறிய ஆட்டம் என்றும் விளக்குவோர் இன்றும் உள்ளனர். மானிடவியல் படித்தவர்களே அப்படிப் பேசுவதுதான் வியப்பு. இம்பால் சமவெளியில் ‘லெய்காய்’ எனப்படும் குடியிருப்புகள்தோறும் மன்றங்களும் அவற்றுக்கான திடல்களும் உள்ளன. கட்டணமின்றிக் காலூன்ற நிலம் இருக்கும் இடத்தில் ஆட்டக்காரர்கள் உருவாகிறார்கள் என்பதற்கு மரபணுவின் துணை வேண்டியதில்லை.

‘ஒரு பந்து போதும், கால்பந்து ஏழைகளின் ஆட்டம்’ என்ற கூற்றில் பாதி உண்மை உண்டு. ஆடுவதற்கு ஒரு பந்து போதும். ஆட்டக்காரராக வளர்வதற்குப் போதாது. பெருநகரங்களில் திறந்த திடல்கள் சுருங்கி, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் செயற்கைப் புல்தரைகள் பெருகிவிட்டன. ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை பந்தைக் கட்டுப்படுத்தும் திறன் படியும் பருவம். அப்பருவத்தில் முறையான பயிற்சி பெரும்பாலும் மாதக் கட்டணம் செலுத்துவோருக்கே கிட்டுகிறது. வார இறுதிப் போட்டிக்கு மகனை நகரின் மறுகோடிக்கு அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு வாகனம் வேண்டும். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும். நாள்கூலிக் குடும்பத்தில் இரண்டும் இல்லை. மகளென்றால் மாலையில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்துகொள்ளும்.

பின்னர் வருவது தேர்வு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தேர்வாளர்களின் கண் இயல்பாகவே உயரமான, வலுவான உடலின் மீது விழுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள்; ஏழைக் குடும்பங்களில் இவ்விகிதம் இன்னும் அதிகம். ஆக, தேர்வுத் திடலில் ‘உடல்தகுதி’ என்று குறிக்கப்படுவதில் ஒரு பங்கு, பத்தாண்டுக்கு முந்தைய உணவின் பதிவு. வயது மோசடியைத் தடுக்க எலும்பு வயதுச் சோதனை வந்துவிட்டது, அது வேண்டியதே. உணவில் நிகழ்ந்த மோசடியை அளக்கத்தான் கருவி எதுவும் வரவில்லை.

தனியார் அகாதெமிகள் சில இலவச இடங்கள் தருகின்றனவே என்று கேட்கலாம். தருகின்றன, அவற்றில் பயின்று உயர்ந்தவர்களும் உண்டு. ஆனால் அவ்விடங்கள் ஏற்கெனவே கண்ணில் பட்டவர்களுக்கானவை. கண்ணில் படுவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளே இங்குக் கேள்வி.

தோற்றால் என்ன ஆகும் என்பதும் உண்டு. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை பதினெட்டில் கழித்துவிடப்பட்டால் கல்லூரிக்குப் போகலாம். ஏழைப் பிள்ளைக்கு அந்த இரண்டாம் கதவாக இருந்தவை இரயில்வே, வங்கி, காவல்துறை, ஆலை அணிகளின் வேலைகள். மகிந்திரா யுனைடெட் 2010இலும், பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி 2011இலும் கலைக்கப்பட்டன. பல வங்கி, அலுவலக அணிகளும் பழைய நிலையில் இல்லை. நவீனக் கழகங்கள் அவற்றினும் மிகுதியான பணம் தருகின்றன, ஆனால் சில ஆண்டு ஒப்பந்தமாக. 2025இல் இந்தியன் சூப்பர் லீக்கின் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டபோது அவ்வொப்பந்தங்களின் உறுதி எவ்வளவு என்பது தெரிந்தது. இந்நிலையில் மகனைத் திடலிலிருந்து பட்டறைக்கு அனுப்பும் தந்தையைத் ‘தொலைநோக்கு இல்லாதவர்’ என்று எழுதுவது அநீதி. அவர் கணக்குச் சரியாகவே போட்டிருக்கிறார்.

வட சென்னையின் வியாசர்பாடியிலிருந்து கிழக்கு வங்க அணி வரை சென்ற நந்தகுமார் சேகர், 2023 துரந்த் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோல் பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய பகுதிகளில் மாலைதோறும் கட்டணமின்றிச் சிறுவர்களைப் பயிற்றுவிப்போர் உள்ளனர். ஆட்டக்காரர் ஒருவர் நாடு விட்டு நாடு கழகம் மாறும்போது, மாற்றுத்தொகையில் ஐந்து விழுக்காட்டை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பகிர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. அக்கணக்கு தொடங்குவது பன்னிரண்டாம் வயதிலிருந்து. பெறுவதற்கு உரியவை பதிவுபெற்ற கழகங்கள். ஏழு வயதுச் சிறுவனுக்கு வெறுங்காலில் பந்தை நிறுத்தக் கற்றுத் தந்தவரின் பெயர் அந்தக் கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் வராது.