விசா மறுப்பு: காரணத்தை முழுதாகச் சொல்லுங்கள்

கனடாவுக்கான பார்வையாளர் விசா மறுக்கப்பட்டால் வரும் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான். தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையாம். குடிவரவு ஒழுங்குவிதி 179(பி) என்று ஓர் இலக்கம். கீழே குடும்பப் பிணைப்பு, பயண நோக்கம், சொத்து நிலை என்று ஒன்றிரண்டு வரி. 100 டொலர் விண்ணப்பக் கட்டணமும் திரும்ப வராது.

மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு. திரும்பிப் போவேன் என்று காட்டும் பொறுப்பும் விண்ணப்பதாரருடையதே. இவற்றில் எமக்கு வாதமில்லை. ஆனால் எந்த ஆவணம் ஏன் போதவில்லை என்று சொல்லாத மறுப்பை நாம் ஏற்கவில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு இலங்கையின் நெல்லியடியிலிருந்து ஒரு தாய் கனடாவுக்கு வர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் இங்கே இருப்பதுதான் பயணத்துக்கே காரணம். அதையே திரும்பிப் போகமாட்டார் என்பதற்குச் சான்றாக எடுத்தால், ஊரில் இருக்கும் கணவரும் வீடும் காணியும் ஏன் எடைபோடப்படவில்லை என்று எழுத வேண்டாமா? நிர்வாக முடிவுகள் நியாயம் விளங்கும்படியும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் வவிலோவ் வழக்கில் 2019இலேயே சொல்லிவிட்டது.

2025 ஜூலையிலிருந்து சில வகை மறுப்புகளோடு அதிகாரியின் குறிப்பையும் அனுப்பத் தொடங்கியிருப்பதை வரவேற்கிறோம். அந்தக் குறிப்பும் பழைய வாசகத்தையே திருப்பிச் சொன்னால் பயனில்லை. எல்லா மறுப்புக்கும் குறிப்பு வர வேண்டும். அந்த விண்ணப்பத்தின் விவரம் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் பக்கத்துத் தவறுகளையும் மறைக்க முடியாது. விண்ணப்பிப்பதற்கு முந்தின கிழமை கணக்கில் திடீரென்று விழும் முப்பது இலட்சம் ரூபாயைப் பார்த்ததும், இது யாருடைய காசு என்றுதான் அதிகாரி யோசிப்பார். எங்கிருந்து வந்தது என்ற கடிதமில்லாமல் அந்தத் தொகை உதவாது. ஆறு மாதமாக ஒழுங்காக வரும் ஓய்வூதியம் அதைவிட அதிகம் பேசும். காணி உறுதியைத் தமிழிலேயே இணைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு இல்லாத உறுதி கோப்பில் இருந்தும் இல்லாததுதான். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஏஜென்சிக்காரர்களைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை எழுதலாம்.

பார்வையாளர் விசா மறுப்புக்கு மேன்முறையீடு கிடையாது. சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு கேட்கலாம். வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவென்றால் அதற்கு 60 நாள் அவகாசம். செலவைப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது கைக்கெட்டாது. ஆகவே மறுப்பு அறிவித்தலிலேயே காரணம் தெளிவாக இருப்பது அவசியமாகிறது.

குடும்பங்களிடம் எமது வேண்டுகோள் இது. மறுப்பு வந்த மறுநாளே அதே கோப்பைத் திரும்ப அனுப்பாதீர்கள். குறிப்பு வராவிட்டால், கனடாவில் இருக்கும் பிள்ளை பெற்றோரின் சம்மதக் கடிதத்துடன் தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கேட்கலாம். புதிய விண்ணப்பத்தில் முந்தைய மறுப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எந்த நாட்டின் மறுப்பானாலும் படிவம் அதைக் கேட்கிறது. மறைத்தது பிடிபட்டால் ஐந்து வருடத் தடை விழலாம்.