மெய்யான வானம் இருக்க, பொய்யான செய்தி எதற்கு?



2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, சந்திரயான்-3 சுமந்து சென்ற விக்ரம் கலம் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் மெல்லத் தரையிறங்கியது. அப்பகுதியில் அதற்கு முன் எந்த நாடும் கலத்தை இறக்கியதில்லை. அடுத்த பத்து நாள்களில், செப்டம்பர் 2 அன்று, சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 புறப்பட்டது. இவ்விரு திட்டங்களின் இயக்குநர்களும் தமிழகத்துச் சிறுநகரங்களில் பிறந்தவர்கள். முன்னதை விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் வழிநடத்தினார். பின்னதை வழிநடத்திய நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த நம் சமுதாயத்துப் பெண்மணி.

நம் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல இத்தகைய மெய்ச்செய்திகள் நிறைய உள்ளன. ஆயினும் நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருபவை வேறு. நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது ஒன்று. நிலவு பிளந்து மீண்டும் ஒட்டிய தழும்பை நாசா படம்பிடித்து உறுதிசெய்துவிட்டது என்பது மற்றொன்று. சுனிதா வில்லியம்ஸ் விண்ணிலிருந்து பார்த்தபோது உலகமே இருண்டிருக்க, மக்காவும் மதீனாவும் மட்டும் இரு விண்மீன்களாய் ஒளிர்ந்தன என்பது இன்னொன்று.

இவற்றைப் பரப்புவோர் மார்க்கத்துக்குத் தொண்டாற்றுவதாக எண்ணுகின்றனர். அவர்களது எண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர்களது செயல் மார்க்கத்துக்கு ஊறு விளைவிக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் செய்திகளைப் பார்ப்போம். ஆம்ஸ்ட்ராங் இஸ்லாத்தை ஏற்றதாகப் பரவிய வதந்தி பல நாடுகளில் வலுத்ததால், 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு விளக்கம் அனுப்பியது. எந்தச் சமயத்தையும் அவமதிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்றும், மதம் மாறியதாக வரும் செய்தி சரியன்று என்றும் அவ்விளக்கம் தெரிவித்தது. அவர் 2012இல் மறைந்தார். வதந்தி மட்டும் மறையவில்லை. மேலும், நிலவில் ஒலியைச் சுமந்து செல்லக் காற்று மண்டலம் இல்லை என்பதை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அறிவார்கள். சுனிதா வில்லியம்ஸ் தம் விண்வெளிப் பயணத்தில் பகவத் கீதையை உடன் கொண்டுசென்றதாகக் கூறியவர். விண்வெளி நிலையத்திலிருந்து இரவில் எடுக்கப்படும் படங்களில் சென்னையும் கெய்ரோவும் பிற பெருநகரங்களும் ஒளிர்வதை எவரும் காணலாம்.

நிலவின் தழும்பு என்று காட்டப்படும் படம் ரீமா அரியாடேயஸ் எனும் பள்ளத்தாக்கு. அதன் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நிலவின் சுற்றளவோ ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். நிலவைச் சுற்றிவரும் தழும்பாக அது இருக்க முடியாது. இணையான இரு பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலம் கீழிறங்கியதால் அது உருவானது என்று நிலவியலார் விளக்குகின்றனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சந்திரன் பிளந்த அற்புதத்தை நாம் ஏற்பது திருக்குர்ஆனின் அறிவிப்பாலும் ஆதாரபூர்வமான ஹதீஸ்களாலும் ஆகும். நாசாவின் படம் வெளிவருவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சமுதாயம் அதை ஏற்றுக்கொண்டது. வலுவான தூண் தாங்கி நிற்கும் கூரைக்கு உளுத்த மூங்கிலை முட்டுக் கொடுப்பவர், கூரையைக் காப்பவர் அல்லர். மூங்கில் முறியும் நாளில், கூரையே விழப்போகிறது என்று பார்ப்பவரை அஞ்சவைப்பவர் அவர்.

இப்பொருளில் நமக்கு மிகச் சிறந்த வழிகாட்டல் நபிகளார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. அண்ணலாரின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) குழந்தைப் பருவத்திலேயே மரணமடைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இறைத்தூதரின் மகன் மறைந்ததால் சூரியனும் ஒளியிழந்தது என்று மதீனா மக்கள் பேசிக்கொண்டனர். நபியவர்கள் மௌனமாக இருந்திருந்தாலே போதும். அது அவர்களின் சிறப்பாக நிலைத்திருக்கும். ஆனால், மகனைப் பறிகொடுத்த துயரத்தின் நடுவிலும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை கிரகணம் அடைவதில்லை என்றும் அவர்கள் அறிவித்தார்கள். கிரகணத்தைக் கண்டால் தொழுது பிரார்த்திக்குமாறு பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

தமக்கே புகழ் சேர்க்கும் தவறான கருத்தைக்கூட ஒருகணமும் நிலைக்கவிடாதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் பெயரால் நாம் வானத்தைப் பற்றிப் பொய்யுரைக்கலாமா?

'நல்ல நோக்கத்தோடுதானே அனுப்புகிறோம்? கேட்பவரின் ஈமான் வலுப்பெறுகிறதே!' என்று சிலர் வினவலாம். மாலை நேர மத்ரஸாவில் என்னிடம் ஓதும் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், உறவினர் அனுப்பிய அத்தகைய செய்தியொன்றைப் பள்ளிக்கூடத்தில் பெருமையுடன் சொல்லியிருக்கிறான். அறிவியல் ஆசிரியர் அது உண்மையன்று எனப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அன்று மாலை அவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், இது பொய்யென்றால் மற்றவையும் அப்படித்தானா?"

அவன் கேட்டுவிட்டதால் விளக்கம் பெற்றான். கேட்காமலேயே கல்லூரிக்குச் சென்று, விடுதியறையில் தனித்திருந்து இணையத்தில் தேடி, மனத்துக்குள்ளேயே முடிவுகட்டிவிடும் பிள்ளைகளுக்கு யார் விளக்குவது? பொய்யால் வலுப்பெறும் நம்பிக்கை, அப்பொய் வெளிப்படும்போது தளர்ந்துபோகும். பகிர்ந்த பெரியவர் அதை மறுநாளே மறந்துவிடுகிறார். அதன் விலையைச் செலுத்துபவர் பிள்ளையே.

இதைவிட நுட்பமான தவறு ஒன்றும் உண்டு. புதிய கண்டுபிடிப்பு வெளியாகும்போதெல்லாம், 'இது திருக்குர்ஆனில் அன்றே சொல்லப்பட்டுவிட்டது' என்று விரைந்து முத்திரையிடுகிறோம். அறிவியலின் இயல்பே தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே செல்வதுதான். பேரண்டத்தின் விரிவு முடுக்கம் பெற்றுவருகிறது என 1998இல் கண்டறிந்தனர்; அதற்கு 2011இல் நோபல் பரிசும் கிடைத்தது. அம்முடுக்கத்துக்குக் காரணமாகக் கருதப்படும் 'இருண்ட ஆற்றல்' மாறாத ஒன்று என்றே பெரும்பாலோர் எண்ணிவந்தனர். ஆனால், அரிசோனாவில் கிட் சிகரத்தில் இயங்கும் டெசி எனும் கருவியின் 2024, 2025ஆம் ஆண்டு முடிவுகள், அவ்வாற்றல் காலப்போக்கில் வலுக்குறைந்து வரக்கூடும் என்ற வினாவை எழுப்பியுள்ளன. இறுதி முடிவு இன்னும் எட்டப்படவில்லை. இறைவசனத்தை இன்றைய கோட்பாட்டோடு இறுகக் கட்டிவைப்பவர், நாளை கோட்பாடு மாறினால் வசனத்தை என்ன செய்வார்? வானங்கள், பூமியின் படைப்பில் அறிவுடையோருக்கு அத்தாட்சிகள் உள்ளன என ஆலு இம்ரான் அத்தியாயம் நம்மைச் சிந்திக்க அழைக்கிறது. அந்த அழைப்பை ஏற்பது உழைப்பு. முத்திரையிடுவதில் உழைப்பில்லை.

நம் முன்னோர் உழைத்தார்கள். அல்-பத்தானீ வானத்தை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கி, சூரிய ஆண்டின் நீளம் 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 வினாடி எனக் கணித்தார்; இன்றைய அளவுக்கும் அதற்கும் சில நிமிடங்களே வேறுபாடு. அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில், இன்று ஆண்ட்ரோமெடா எனப்படும் பால்வெளித் திரளைச் சிறு மேகமாகக் குறித்துவைத்தார். அல்-பிரூனீ நந்தனா மலைக்கோட்டையில் நின்று, அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தைக் கொண்டு புவியின் ஆரத்தைக் கணக்கிட்டார். நாம் ரோகிணி எனும் விண்மீனை உலகம் அல்டெபரான் என்கிறது. திருவோணத்தை அல்டேர் என்கிறது. இரண்டும் அரபுப் பெயர்கள். ஆனால் இப்பெயர்களை ஒப்பித்துப் பெருமைகொள்வது மட்டும் நம்மை அவர்களின் வாரிசுகளாக்கிவிடாது.

அண்மைக்காலத்திலும் மார்க்க அறிஞர்கள் மெய்யான விண்வெளியை நேர்மையோடு எதிர்கொண்டிருக்கிறார்கள். 2007இல் மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுகூர் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றபோது, 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றிவரும் இடத்தில் ஐவேளைத் தொழுகையை எவ்வாறு கணக்கிடுவது, கிப்லாவை எவ்வாறு முன்னோக்குவது என அந்நாட்டு அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். புறப்பட்ட இடத்தின் நேரத்தைப் பின்பற்றலாம். கஅபாவை முன்னோக்க இயன்றால் முன்னோக்கலாம், இயலாதபோது புவியை நோக்கலாம், அதுவும் இயலாவிடில் இயன்ற திசையில் தொழலாம் என வழிகாட்டினர். 2023இல் அமீரகத்தின் சுல்தான் அந்நியாதி ரமளானை விண்வெளியில் கழித்தபோது, தாம் பயணி என்பதால் நோன்பு கட்டாயமில்லை எனும் சலுகையைச் சுட்டிக்காட்டினார். கட்டுக்கதை எதுவுமின்றியே மார்க்கம் விண்வெளியிலும் வழிகாட்ட முடியும் என்பதற்கு இவை போதும்.

பெற்றோர்களுக்கும் ஜமாஅத் பெருமக்களுக்கும் சில வேண்டுகோள்கள். ஒன்று: வியப்பூட்டும் செய்தி வந்தால் உடனே அனுப்பாதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் இடும் கட்டளை கைப்பேசிக்கும் பொருந்தும். நாசாவோ இஸ்ரோவோ அறிவித்ததாகச் சொல்லப்பட்டால் அந்நிறுவனத்தின் தளத்திலேயே தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள். முன்பே அனுப்பிவிட்டிருந்தால், அதே குழுவில் திருத்தத்தையும் அனுப்புங்கள்.

இரண்டு: பிள்ளைகளை வானத்தின்கீழ் அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுதோறும் மே 27 அல்லது 28இலும், ஜூலை 15 அல்லது 16இலும் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரம் நமக்கு மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. தமிழகத்திலும் இலங்கையிலும் அவ்வேளையில் வெயிலில் நேராக ஒரு கோலை நட்டு, நிழலுக்கு எதிர்த்திசையில் நின்றால் அதுவே கிப்லா. நம் ஊர்களில் அது நேர் மேற்காக இல்லாமல் சற்று வடக்கே சாய்ந்திருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கோலும் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும்.

மூன்று: கிரகணத் தொழுகையின்போது, கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் ஐந்து நிமிடங்கள் விளக்குங்கள். 2025 செப்டம்பர் 7 நள்ளிரவில் நம் நாடெங்கும் தெரிந்த முழுச் சந்திர கிரகணம் 82 நிமிடங்கள் முழுமையாக நீடித்தது. அதன் தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே நிமிடக் கணக்கில் அறிவிக்கப்பட்டிருந்தன. சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குகின்றன என ஓதும் நாவு, அந்தக் கணக்கையும் சற்றே அறிந்திருப்பது தகும்.

செங்கோட்டையில் வளர்ந்த ஒரு சிறுமி பின்னாளில் புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குக் கலம் அனுப்பும் குழுவை வழிநடத்தினார். முறையான கல்வியும் பல்லாண்டு உழைப்புமே அவரை அவ்விடத்துக்குக் கொண்டுசென்றன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. அவர்கள் கையில் பொய்யான செய்தியைத் திணித்து அவ்வழியை நாமே அடைத்துவிட வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பொய்யிலிருந்து காப்பானாக! தன் படைப்பைக் கண்டு சிந்திக்கும் நல்லோர் கூட்டத்தில் நம் பிள்ளைகளைச் சேர்ப்பானாக! ஆமீன்.